எண்களின் பூர்வோத்தரம்

பிலடெல்பியாவுக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய மண்டபத்தையும், விரிசல் விட்ட அந்தப் பிரசித்தி பெற்ற மணியையும், நகரசபைக் கோபுரத்தின் உச்சியில் 37 அடி உயரத்துக்கு நிற்கும் வில்லியம் பென்னின் வெண்கலச் சிலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 2019-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் நான் அந்நகரத்துக்குப் போனதன் நோக்கம் வேறு. ஆய்வகங்களில் பிறக்கும் எண்களை எவ்வாறு பதிவு செய்வது, பதிவு செய்ததை எவ்வாறு காப்பது, காத்ததை எவ்வாறு பிறர் கண்முன் நிரூபிப்பது என்னும் விஷயங்களையே ஜீவனோபாயமாகவும் சிந்தனையாகவும் கொண்டவர்கள் கூடிப் பேசும் இடத்தில் நானும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதே அது.

சென்னைக்குத் தெற்கே, மருந்துகளைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் நான் உத்தியோகம் பார்க்கிறேன். ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் மருந்து இருப்பதாக அட்டையில் அச்சிட்டிருந்தால், அவ்வளவும் உண்மையிலேயே இருக்கிறதா, உரிய நேரத்தில் கரைகிறதா, இருக்கக் கூடாத அசுத்தம் ஏதேனும் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அந்த மாத்திரையை விழுங்கப் போகிறவரை நாங்கள் ஒருநாளும் காண்பதில்லை. அவரும் எங்களைக் காண்பதில்லை. எங்களுக்கும் அவருக்கும் இடையே உள்ள ஒரே சம்பந்தம் ரிப்போர்ட்டில் அச்சாகும் ஓர் எண். அந்த எண்ணுக்கோ ஒரு நீண்ட பூர்வோத்தரம் உண்டு. சாம்பிளை யார் எடை போட்டார், எந்தத் தராசில் போட்டார், அந்தத் தராசு அன்று காலையில் சரிபார்க்கப்பட்டதா, எந்தக் கரைசலை எந்தப் பாட்டிலிலிருந்து எடுத்தார், முதலில் எழுதிய எண் அடிக்கப்பட்டிருந்தால் அது ஏன் அடிக்கப்பட்டது என்பவையெல்லாம் தெரிந்தால்தான் அந்த எண் நம்பத் தகுந்தது. தடித்த அட்டையும் அச்சிட்ட பக்க எண்ணும் கொண்ட ரிஜிஸ்டர்களில் இத்தனை காலம் இவற்றை மையால் எழுதி வந்த நாங்கள், லிம்ஸ் என்று உலகமெங்கும் ஆய்வகத்தார் அழைக்கும் சாப்ட்வேருக்கு மாறுவதென்று தீர்மானித்தோம். சாம்பிள் உள்ளே வந்த நிமிஷத்திலிருந்து ரிப்போர்ட் கையெழுத்தாகி வெளியே போகும் நிமிஷம் வரையில் அதைப் பின்தொடர்ந்து, அதன்மேல் நடந்த ஒவ்வொரு காரியத்தையும் குறித்துக்கொண்டே போவதுதான் இந்த சாப்ட்வேரின் தொழில். இவற்றில் எதை வாங்குவது, வாங்குவதற்கு முன் எதைக் கேட்பது என்று அறிந்து வரும்படி என்னை அனுப்பினார்கள்.

நான் போனது பிட்கான் என்று அழைக்கப்படும் மாநாட்டுக்கு. அது, பிட்ஸ்பர்க் நகரத்து ரசாயன நிபுணர்களும் நிறமாலை ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 1950-இல் அவ்வூர் வில்லியம் பென் ஹோட்டலில் ஆரம்பித்தது. பிற்பாடு அது வளர்ந்து, பிறந்த ஊரைப் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு நகரமாகச் சஞ்சரிக்கத் தொடங்கியது. ஆய்வகக் கருவிகள் யாவும் அங்கே வந்து சேரும். கருவிகள் கக்கும் எண்களை ஏந்திக்கொள்ளும் சாப்ட்வேர்களும் கூடவே வந்து சேரும்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் போகும் வழியில், ஸ்கூகில் நதியின்மேல் உயர்ந்து வளையும் பிளாட் பாலத்திலிருந்து பார்த்தால், இரு கரையிலும் எண்ணெய்த் தொட்டிகளும் குழாய்களும் புகைபோக்கிகளுமாக ஒரு மாபெரும் சுத்திகரிப்பு ஆலை கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்து கிடந்தது. மார்ச் மாதக் குளிரில் மரங்கள் இன்னும் இலை விடாமல் நின்றதால், மறைக்க எதுவுமின்றி அதன் விஸ்தாரம் முழுவதும் தெரிந்தது. அந்த ஆலையைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாநாடு கூடிய பென்சில்வேனியா கன்வென்ஷன் சென்டர் பெரும்பாலும் நவீனக் கட்டடம்தான். ஆனால் அதன் ஓர் அங்கம் 1893-இல் ரீடிங் ரயில் கம்பெனியார் கட்டிய ஸ்டேஷன் கொட்டகை. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், 250 அடிக்கு மேற்பட்ட அகலத்தை ஒரே வளைவில் தாண்டி நிற்கும் அந்த இரும்புக் கூரையின் கீழே ஒரு காலத்தில் ரயில்கள் வந்து நின்றன. 1984-இல் நகரத்துக்கு அடியில் சுரங்கப் பாதை திறந்தபோது ரயில்கள் அங்கே வருவது நின்றது. பத்து வருஷத்துக்குள் கொட்டகை மாநாட்டு மண்டபமாக மாறியது. தண்டவாளங்கள் மேல்மாடியிலும், காய்கறி மாமிசச் சந்தை அவற்றின் கீழேயுமாக அமைந்த அந்த ஏற்பாட்டில், ரயில் போய்விட்டாலும் சந்தை இன்றுவரை போகவில்லை. முதல் நாள் காலையில் பெயர்ச்சீட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றபோது, ஆய்வகப் பதிவு என்னும் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்தலம் அமையாது என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால், பொருள்களைச் சோதித்து அறிந்து எழுதிவைக்கும் தொழில் அமெரிக்காவில் ஒழுங்குபட்டதற்கு ரயில் ஒரு முக்கியக் காரணம்; அதுவும் இதே ராஜ்யத்தின் ரயில்.

சார்லஸ் டட்லி என்று ஒரு ரசாயன நிபுணர் இருந்தார். உள்நாட்டு யுத்தத்தில் காலில் பலத்த காயம் பட்டுத் திரும்பிப் பின்பு யேல் கலாசாலையில் படித்துப் பட்டம் பெற்ற அவரை, ரீடிங் கம்பெனிக்குப் போட்டியான பென்சில்வேனியா ரயில் கம்பெனி 1875-இல் ஆல்டூனா என்ற ஊரில் தன் ஆய்வகத்துக்கு அமர்த்தியது. சில தண்டவாளங்கள் சீக்கிரம் தேய்கின்றன, சில நெடுநாள் உழைக்கின்றன. அதற்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு, ஓடித் தேய்ந்த தண்டவாளங்களிலிருந்தே துண்டுகள் எடுத்து, ஒவ்வொன்றின் ரசாயனச் சேர்க்கையையும் அது கிடந்த இடத்தையும் தாங்கிய பாரத்தையும் சேர்த்துப் பதிந்து, 1878-இல் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். எஃகு இப்படி இருந்தால் வாங்குவோம், இல்லாவிட்டால் வாங்கமாட்டோம் என்று ரயில் கம்பெனி சொல்லத் தொடங்கியது. எஃகு முதலாளிகள் கோபம் கொண்டார்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தர நிர்ணயம் செய்துகொள்ள வேண்டும் என்னும் அவருடைய வற்புறுத்தலிலிருந்து 1898-இல் முளைத்த சங்கமே இன்று ஏஎஸ்டிஎம் என்ற பெயருடன், பிலடெல்பியாவை அடுத்த வெஸ்ட் கான்ஷஹாக்கனில், பல்லாயிரக்கணக்கான தர நிர்ணயங்களை வெளியிட்டு வருகிறது. லிம்ஸ் எப்படி அமைய வேண்டும் என்பதற்கும் அவர்கள் 1993-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள்; மாநாட்டுக்கு முந்திய வருஷந்தான் அதன் திருத்தப் பதிப்பு வந்திருந்தது.

பாலத்திலிருந்து கண்ட ஆலையை இங்கேதான் சொல்ல வேண்டும். நான் ஊர் திரும்பியபின், அதே 2019 ஜூன் 21-ஆம் தேதி விடியற்காலையில் அது வெடித்தது. 38,000 பவுண்டு எடையுள்ள ஓர் உலோகத் துண்டு பறந்து நதியின் மறுகரையில் போய் விழுந்தது. உயிர்ச்சேதம் நேராதது பெரும் பாக்கியம். அரசாங்கத்தின் ரசாயன விபத்து விசாரணை வாரியம் ஆராய்ந்து கண்ட காரணம், 1973 வாக்கில் பொருத்திய ஒரு குழாய் முழங்கை. அதன் எஃகில் நிக்கலும் தாமிரமும் மிகுதி. அதனால் உள்ளே ஓடிய அமிலம் அதை மற்றக் குழாய்களைவிட வேகமாக அரித்துவிட்டது. பொருத்திய காலத்துத் தர நிர்ணயத்தில் அவ்விரண்டு உலோகங்களுக்கும் வரம்பு இல்லை. பிற்காலத்தில் வரம்பு வந்தபோது, ஏற்கெனவே உள்ளே இருந்த அந்த முழங்கையை எவரும் தேடிப் பார்க்கவில்லை. பக்கத்துக் குழாய்களின் தடிமனை அளந்து குறித்து வந்தவர்கள், அதன் தடிமனை ஒருமுறைகூட அளக்கவில்லை. அந்த விசாரணையின் விவரங்களைப் படித்தபோது, தண்டவாளத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடையாளமிட்டு வைத்த டட்லியின் சிரத்தையை நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பொருளின் சேர்க்கை என்ன என்று அறிவது பாதி வேலை. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று ஐம்பது வருஷம் கழித்தும் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும் என்பது மற்றப் பாதி.

மாநாட்டின் தொடக்கப் பிரசங்கங்களைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. வருங்காலத்தில் யந்திரங்களே யோசித்து யந்திரங்களே சோதிக்கும் என்பது போன்ற வர்ணனைகள் பெரிய திரையில் அழகாக ஓடின. எனக்கு வேண்டியிருந்தது கண்காட்சிக் கூடத்தில் கிடைத்தது. அங்கே ஒரு கம்பெனியின் மேஜையில் இருந்த இளம்பெண், தங்கள் சாப்ட்வேரை இயக்கிக் காட்டினாள். ஒரு மாத்திரையின் மருந்தளவு 98.4 சதவீதம் என்று திரையில் இருந்தது. அதை 99.4 என்று மாற்றிக் காட்டும்படி கேட்டேன். அவள் மாற்றினாள், உடனே சாப்ட்வேர் அவளுடைய பாஸ்வேர்டை மறுபடியும் கேட்டது, மாற்றுவதற்குக் காரணம் கேட்டது, காரணம் எழுதாமல் நகர மறுத்தது. அதுவரை மெத்தச் சரி. "இப்போது, இதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிற அதிகாரிக்கு என்ன தெரியும் என்று காட்டு, அம்மா" என்றேன். காட்டினாள். 99.4 என்று மட்டுமே தெரிந்தது. பழைய எண்ணைக் காண வேண்டுமானால் வேறு பக்கத்துக்குப் போய், தேதி கொடுத்து, ஒரு பட்டியலை வரவழைத்து, அதில் தேட வேண்டும். எண் அழியவில்லைதான்; ஆனால் தேடுகிறவனுக்கன்றி மற்றவனுக்குத் தெரியாத இடத்தில் போய் ஒளிந்துகொண்டது.

எங்கள் ரிஜிஸ்டரில் ஒரு முறை உண்டு, உலகமெங்கும் உள்ளதுதான். தவறாக எழுதிவிட்டால் சுரண்டக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, எண்ணின்மேல் எண் எழுதக் கூடாது. கீழே உள்ள எண் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் காரணமும் இட வேண்டும். அந்த ஒற்றைக் கோட்டின் மேன்மை என்னவென்றால், அடிக்கப்பட்டதும் அடித்ததும் ஒரே பார்வையில் விழும். பக்கத்தைப் புரட்டுகிற யாரும் அதைக் காணாமல் போக முடியாது. ஆடிட் ட்ரெயில் என்று ஆய்வகத்தார் சொல்லும் மாற்றப் பதிவு அந்தக் கோட்டின் வாரிசு. வாரிசுக்கு மூதாதையின் குணம் வர வேண்டாமா? நாலைந்து மேஜை தள்ளி இருந்த இன்னொரு கம்பெனியின் திரையில், மாற்றிய எண்ணின் தோளோரமாக ஒரு சிறிய முக்கோணக் குறி நின்றது. அதைத் தொட்டால் பழைய எண்ணும் மாற்றியவர் பெயரும் நேரமும் காரணமும் அங்கேயே விரிந்தன. விலையைக் கேட்டபோது அவர்களுடையது அதிகமாகவே இருந்தது. இருந்தாலும் அந்த முக்கோணத்தை நான் என் நோட்டில் வரைந்துகொண்டேன்.

மறுநாள் பிற்பகலில் ஒரு வயோதிகர், மருந்துக் கம்பெனிகளில் தர நிர்வாகம் பார்த்து ஓய்வு பெற்றவர், இந்த விதிகள் எல்லாம் எப்படி வந்தன என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். பிலடெல்பியாவுக்கு ஆற்றைத் தாண்டினால் நியூ ஜெர்ஸி. அந்த ராஜ்யத்தின் ஃபெடரல் கோர்ட்டில் 1993-இல் நீதிபதி ஆல்பிரட் வோலின், மருந்து ஆய்வகங்களின் பழக்கம் ஒன்றைக் கூண்டில் ஏற்றித் தீர்ப்பளித்தார். சோதனையில் மருந்து தேறாவிட்டால் இன்னொரு முறை சோதிப்பது, அதிலும் தேறாவிட்டால் மற்றொரு முறை, தேறியவுடன் அதை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதுவது என்ற பழக்கம் அது. சராசரியும் இப்படியே ஏமாற்றும். உதாரணமாக, 90-க்குக் குறையக் கூடாது என்ற மருந்தில் 89, 89, 92 என்று மூன்று முடிவுகள் வந்தால் சராசரி 90 ஆகிவிடும். இரண்டு முறை தோற்ற மருந்து காகிதத்தில் ஜயித்துவிடும். தோற்ற முடிவு ஏன் தோற்றது என்று முதலில் விசாரிக்க வேண்டும், காரணம் காணாமல் அதைத் தூர எறிய முடியாது என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. 1997-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மின்னணுப் பதிவுகளுக்கு விதி வகுத்தபோது, மாற்றம் எதுவும் முன்பதிவை மறைக்கக் கூடாது என்பதை அதில் சேர்த்தது. மாநாட்டுக்கு மூன்று மாதம் முன்பு, 2018 டிசம்பரில், தரவுகளின் நேர்மையைப் பற்றியே தனியாக ஒரு விளக்கம் வெளியிட்டிருந்தது. பதிவைக் கண்டால் செய்தவர் யாரென்று தெரிய வேண்டும், படிக்க முடிய வேண்டும், செய்த அப்போதே எழுதியிருக்க வேண்டும், மூலமாக இருக்க வேண்டும், பிழையற்றிருக்க வேண்டும் என்ற ஐந்து லக்ஷணங்களை அவர் விரல் மடக்கிச் சொன்னபோது, அறையில் பலர் கூடவே உதட்டசைத்தார்கள், எல்லோருக்கும் மனப்பாடம்.

மருந்து மட்டுமல்ல, மனிதரின் சுதந்திரமே ஆய்வக எண்ணில் தொங்கும் இடங்களும் உண்டு. குற்றப் பரிசோதனை ஆய்வகங்களைப் பற்றிய அமர்வில் பாஸ்டன் நகரத்து விவகாரம் பேசப்பட்டது. போலீஸார் கைப்பற்றிய பொருள்கள் போதைமருந்துதானா என்று சொல்ல வேண்டிய அரசாங்க ஆய்வகத்தில், ஒரு பரிசோதகர் பல சாம்பிள்களைச் சோதிக்காமலேயே முடிவு எழுதி வந்தார். 2012-இல் அந்த ஆய்வகம் மூடப்பட்டது. 2017-இல் அந்த ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அவ்வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் எத்தனை பேர் வேலையையும் குடும்பத்தையும் வருஷங்களையும் இழந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே நெஞ்சு கனத்தது. சக ஊழியர்களைவிடப் பல மடங்கு அதிகமான சாம்பிள்களை அவர் முடித்துக்கொண்டிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மேலதிகாரிகள் அதைத் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு எடைக்கும் தராசிலிருந்து நேராக வந்த நேரக் குறிப்பு இருந்திருக்குமானால், ஒரு நாளைக்கு எத்தனை எடை போட முடியும் என்பதை ஒரு குமாஸ்தாகூடக் கணக்கிட்டு, இது அசாத்தியம் என்று சொல்லியிருப்பார். கல்லூரியிலிருந்து நேராக வந்திருந்த ஓர் இளைஞர் எழுந்து, கருவியிலிருந்து தானாக வரும் எண்ணுக்கும் கையால் தட்டச்சு செய்த எண்ணுக்கும் ரிப்போர்ட்டில் வேறு வேறு அடையாளம் இட முடியாதா என்று கேட்டார். அந்த அமர்விலேயே சிறந்த கேள்வி அது என்பது என் அபிப்பிராயம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே சந்தைக்கு இறங்கினேன். தொப்பியும் தாடியுமாக ஆமிஷ் சமூகத்தார் ரொட்டியும் வெண்ணெயும் விற்க, மறுபுறம் மீன், மாமிசம், பழம், பூ, காபி என்று நெரிசல். சோறும் பருப்பும் கிடைத்த ஒரு கடையில் தட்டை வாங்கி உட்காரப் போனபோது, எதிரே இருந்த பெரியவர் என் பெயர்ச்சீட்டைப் படித்துவிட்டுத் தமிழில், "உட்காருங்கோ தம்பி, இடம் இருக்கு" என்றார். கும்பகோணத்துக்காரர். நியூ ஜெர்ஸியில் குடியேறி, மருந்துத் தொழிற்சாலைகளில் புது சாப்ட்வேர் வரும்போது அது சொன்னபடி வேலை செய்கிறதா என்று சோதித்துச் சான்று தரும் உத்தியோகத்தில் நெடுங்காலம் இருப்பவர். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"எந்தக் கம்பெனி வாங்கணும்னு என்னைக் கேக்காதீங்கோ. உங்க லேப்ல தராசு ரூம்ல யார் நிக்கிறா?" என்றார்.

"அனலிஸ்டுகள்தான் ஐயா. பாதிப் பேர் புதுசா வேலைக்கு வந்த பெண்கள்."

"அவா கையுறை போட்டுண்டு நிப்பா. ஒரு எடையை ஏத்தறதுக்கு ஆறு தடவை கிளிக் பண்ணணும், கையுறையைக் கழட்டணும்னா என்ன செய்வா தெரியுமோ? ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி ஜேபில வெச்சுப்பா. சாயங்காலம் உக்காந்து மொத்தமா ஏத்துவா. பொய் எழுதணும்னு இல்லை, வேலை ஓடணுமே. ஆனா உங்க சாப்ட்வேர்ல அஞ்சரை மணின்னு விழும். நிஜமா எடை போட்டது காலம்பற பத்து மணி. அப்புறம் அந்த நேரத்தை வெச்சுண்டு என்ன பண்றது? இன்ஸ்பெக்டர் வந்து குப்பைத் தொட்டியிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்தா, அன்னிக்கு எல்லாம் போச்சு."

"அப்படியானால் எப்படி ஐயா வாங்குவது?"

"வாங்கறவா யாரும் தராசு ரூமுக்குப் போறதில்லை. மேல உக்காந்திருக்கிறவாளுக்குக் கலர் கலரா வரைபடம் காட்டினா கையெழுத்துப் போட்டுடறா. நீங்க விக்கிறவனைக் கையுறை போட்டுண்டு எடை ஏத்திக் காட்டச் சொல்லுங்கோ. அவன் முழிச்சான்னா எழுந்து வந்துடுங்கோ."

அன்று பிற்பகலில் மறுபடி கண்காட்சிக் கூடத்துக்குப் போய், சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த நீலக் கையுறை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து, அதைப் போட்டுக்கொண்டு ஓர் எடையைப் பதிவு செய்து காட்டும்படி கம்பெனி கம்பெனியாகக் கேட்டேன். சிலர் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் அது அசையவில்லை. ஒருவர் மட்டும், பாட்டிலின் பார்கோடை ஸ்கேனரின் முன் காட்டினார், தராசின் பொத்தானை அழுத்தினார். எடை, தராசின் எண், அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி, எடை போட்டவர், நேரம் எல்லாம் ஒருசேரத் திரையில் போய் உட்கார்ந்தன. கையுறையைக் கழற்ற வேண்டிய அவசியமே நேரவில்லை. நெடுநேரம் நின்று அதைப் பார்த்தேன். நேர்மையாக எழுதுவது கடினமாகவும், குறுக்கு வழி சுலபமாகவும் அமைந்த ஓர் ஆய்வகத்தில் எத்தனை கட்டளைகள் சுவரில் ஒட்டினாலும் துண்டுக் காகிதம் பிறந்தே தீரும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை.

அமர்வுகளுக்கு இடையே ஒழிந்த ஒரு காலை வேளையில், ஸ்கூகில் நதியைக் கடந்து பென்சில்வேனியா சர்வகலாசாலையின் மூர் கட்டடத்துக்கு நடந்து போனேன். சுமார் 18,000 வால்வுகளும் 30 டன் எடையுமாக எனியாக் என்ற மின்னணுக் கம்ப்யூட்டர் அங்கே நிர்மாணமாகி 1946 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டப்பட்டது. அதன் சில பலகைகள் மட்டும் இப்போது கீழ்த்தளத்தில் நிற்கின்றன. கறுப்பு நிறத்தில், ஆள் உயரத்துக்கு மேல், பொத்தான்களும் துளைகளும் தொங்கும் கம்பிகளுமாக. பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட அதற்கு வேலையைப் போதித்தவர்கள் ஆறு பெண்கள்: கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்ஸிஸ் பைலஸ், ரூத் லிக்டர்மன். புத்தகம் ஏதும் இல்லாமல், யந்திரத்தின் வரைபடங்களைப் படித்தே அதை இயக்கக் கற்றுக்கொண்டவர்கள். வெளியீட்டு விழாவில் யந்திரம் செய்த கணக்கைக் கண்டு எல்லோரும் அதிசயித்தார்கள். இவர்களை அறிமுகம் செய்யவில்லை, இரவு விருந்துக்கு அழைக்கவும் இல்லை. புகைப்படங்களில் இருந்தார்கள், படத்தின் கீழே பெயர் இல்லை. அரை நூற்றாண்டு கழிந்து 1997-இல்தான் அவர்களுக்கு ஓரளவு பகிரங்கமான கௌரவம் கிடைத்தது. செய்தவர் யாரென்று பதிவிலேயே தெரிய வேண்டும் என்ற விதியை நாங்கள் குற்றம் கண்டுபிடிக்கும் ஆயுதமாகவே எண்ணிப் பழகிவிட்டோம். அந்தப் பலகைகளின் முன்னே நின்றபோது, அதே விதி உழைத்தவருக்கு உரியதை உரியவரிடம் சேர்க்கும் தர்மமுமாகும் என்பது தெளிவாயிற்று. எங்கள் ஆய்வகத்தில் ரிப்போர்ட்டின் அடியில் விழுவது அதிகாரியின் கையெழுத்து. எடை போட்ட பெண்ணின் பெயர் ரிஜிஸ்டரின் உள்ளே எங்கோ கிடக்கும். அதை மாற்ற வேண்டும் என்று அங்கேயே நிச்சயித்துக்கொண்டேன்.

கடைசி நாள் அமர்வுக்குக் கூட்டம் குறைவு. பாதிப் பேர் பெட்டியுடன் வந்து வாசலோரமாக உட்கார்ந்திருந்தார்கள். விஷயமோ எல்லாவற்றிலும் கனமானது: இன்று பதிந்தவற்றை வருங்காலத்தில் யார் திறந்து படிப்பது? கருவிக் கம்பெனி ஒவ்வொன்றும் தன் தரவுகளைத் தனக்கு மட்டும் புரியும் வடிவத்தில் சேமிக்கிறது. கருவி பழசாகும், கம்பெனி கைமாறும், சாப்ட்வேர் மறையும், கோப்பு மட்டும் ஊமையாய்க் கிடக்கும். இதற்குப் பரிகாரமாக எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான வடிவங்களை வகுக்கும் முயற்சிகள் நடந்து வருகின்றன; அப்போது ஏஎஸ்டிஎம் குழு ஒன்று அனிம்எல் என்னும் வடிவத்தை உருவாக்குவதில் ஈடுபட்டிருந்தது; மருந்துக் கம்பெனிகள் சேர்ந்து 2012-இல் அலோட்ரோப் என்ற அமைப்பைத் தொடங்கின. வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, ஏனென்றால் தன் வாடிக்கைக்காரர் சுலபமாக வெளியேற வழி செய்து கொடுப்பதில் எந்த விற்பனையாளருக்கும் உற்சாகம் இருப்பதில்லை. கேள்வி நேரத்தில் ஒரு நகரத்துக் குடிநீர் ஆய்வகத்தின் தலைவி எழுந்து, தன் அலுவலகத்தில் 1930-களின் நோட்டுப் புத்தகங்களை அலமாரியைத் திறந்து இன்றும் படிக்க முடிகிறது, 1990-களின் கோப்புகளைப் படிக்க முடியவில்லை என்றார். மேடையில் இருந்தவர் அதை மறுக்கவில்லை. ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே பிரிகிற நாளுக்கான நிபந்தனையையும் எழுதிவிடுங்கள் என்றார்.

விமானத்தில் திரும்பும்போது எங்கள் ஆய்வகத்துக்கு வேண்டிய தேவைப் பட்டியலைத் தயாரித்தேன். புறப்படுமுன் மேலதிகாரிகள் கொடுத்திருந்த பட்டியலில் வரைபடங்களும் மாதாந்திரச் சுருக்கங்களும் முதலில் இருந்தன. அவற்றைப் பின்னே தள்ளினேன். கையுறை போட்ட கையால், ஒரு ஸ்கேனும் ஒரு பொத்தானுமாக, எடை தராசிலிருந்து நேரே பதிவாக வேண்டும் என்பதை முதலாவதாக வைத்தேன். அடிக்கப்பட்ட எண் அதே பக்கத்தில், சரிபார்ப்பவர் கண்ணில் தேடாமல் பட வேண்டும் என்பது அடுத்தது. கையால் ஏற்றிய எண்ணுக்கும் கருவி தந்த எண்ணுக்கும் தனித்தனிக் குறி. ரிப்போர்ட்டில் பரிசோதித்தவர் பெயர். கம்பெனியை விட்டுப் பிரிந்தால் எல்லாத் தரவும் மாற்றப் பதிவுகளோடு பொது வடிவத்தில் எங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்ற நிபந்தனை. சாப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தராசு அறையிலிருந்து இருவர் இருக்க வேண்டும் என்று கடிதத்தின் முகப்பிலேயே எழுதினேன். அதை மட்டும் ஒப்புக்கொள்ள வைக்க மேலிடத்தில் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது.